703 ரூபாய்க்கு 73 நோட்டு

வடசேரி கனகமூலம் சந்தையில் திடீரென்று ஒரு சட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி 1 ரூபாய், 64 ரூபாய், 729 ரூபாய், 4096 ரூபாய் நோட்டுகள்தான் செல்லும். ஏன் இந்த விசித்திர எண்கள்? இரண்டை ஆறு தடவை எழுதிப் பெருக்கினால் 64. மூன்றை அப்படிப் பெருக்கினால் 729, நான்கை என்றால் 4096. இந்த வரிசை முடிவில்லாமல் போகும். கடைக்காரர் மீதி தரமாட்டார், நீங்கள்தான் சரியாக எண்ணிக் கொடுக்கவேண்டும்.

பொருளின் விலை 703 ரூபாய். 729 நோட்டு உதவாது. 64 ரூபாய் நோட்டு பத்து, அது 640. மீதி 63-க்கும் ஒற்றை ரூபாய்தான். ஆக 73 நோட்டு!

சரி, இதைவிட அதிக நோட்டு கேட்கும் விலை ஏதாவது உண்டா? விலை கோடிக்கணக்கில் இருக்கலாம், ஆயிரம் இலக்கத்தில்கூட இருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க முடியாது.

'எந்த விலைக்கும் 73 போதும்' என்று 1940-ல் நிரூபித்துக் காட்டியவர் எஸ்.எஸ்.பிள்ளை. குற்றாலம் பக்கத்து வல்லத்தில் 1901-ல் பிறந்தவர். இன்டர்மீடியட் படித்தது நம்ம நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில், பி.ஏ. திருவனந்தபுரத்தில். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோதுதான் இந்த வகைக் கணக்குகளில் பெரிய வேலைகளைச் செய்தார். கேள்வியின் வேர் 1770-ல் இங்கிலாந்தின் வாரிங் எழுதிவைத்தது.

வேடிக்கையைக் கேளுங்கள். ஆறு தடவைக்கு விடை 1940-ல் வந்துவிட்டது. அதைவிடச் சின்னதான ஐந்து தடவைக்கு (விடை 37) சீனாவின் சென் ஜிங்ருன் வர 1964 ஆயிற்று. நான்குக்கு (விடை 19) 1986 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அதை முடித்த மூவரில் ஒருவர் நம் ஆர்.பாலசுப்பிரமணியன், மற்ற இருவர் பிரெஞ்சுக்காரர்கள்.

ராமானுஜனின் 1729-ஐ அறியாதவர் குறைவு. 703-க்கும் அந்த மரியாதையில் பாதியாவது கிடைத்திருக்கவேண்டும் என்பது என் கட்சி.

பிள்ளை ஆறோடு நிற்கவில்லை. ஏழு, எட்டு, இருபது என்று எத்தனை தடவை பெருக்கினாலும் விடை சொல்லும் சூத்திரத்தை 1936 வாக்கிலேயே கண்டிருந்தார். அமெரிக்காவில் டிக்சனும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஆறுக்கே போட்டுப் பாருங்கள். இரண்டை ஆறு தடவை பெருக்கினால் 64. ஒன்றரையை ஆறு தடவை பெருக்கினால் 11.39, அதில் முழு எண் 11. இரண்டையும் கூட்டி 2 கழியுங்கள். 73! இருபதுக்கு இதே வழியில் 10,51,899 வரும். போன் கால்குலேட்டரிலேயே சரிபார்க்கலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. ஒன்றரையைப் பெருக்கும்போது வரும் தசமப் பகுதி (மேலே .39) அளவுக்கு மீறி 1-ஐ நெருங்கிவிடக் கூடாது. நெருங்கினால் சூத்திரம் மாறிவிடும். அப்படி ஒரு எண் இருக்கிறதா? 1990-ல் குபினாவும் வுண்டர்லிச்சும் கம்ப்யூட்டரை வைத்து 47 கோடியே 16 லட்சம் தடவை வரை தேடினார்கள். ஒன்றுகூட அகப்படவில்லை.

அந்தக் கடைசித் தடவைக்கு நம் 703-ஐப் போல ஒரு விலை எழுதினால் அது சுமார் 22.5 கோடி இலக்கம் போகும். பக்கத்துக்கு 2,500 இலக்கம் அச்சிட்டாலும் 90,000 பக்கம். முந்நூறு பக்கப் புத்தகமாக 300 புத்தகம், அதிலே இருப்பது ஒரே ஒரு எண்! ஆனால் அதற்கு எத்தனை நோட்டு வேண்டும் என்று பிள்ளையின் சூத்திரம் அச்சடிக்காமலே சொல்லிவிடும்.

1950-ல் பிரின்ஸ்டனில் ஒரு வருடம் ஆராய்ச்சி செய்ய அழைப்பு வந்தது. ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு வேறு. புறப்பட்டார். ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமானம் விழுந்து இறந்தார். வயது 49.

விதிவிலக்கு எண்கள் இருந்தாலும் எண்ணி முடித்துவிடக்கூடிய அளவில்தான் இருக்கும் என்று 1957-ல் மாலர் நிரூபித்தார். ஒன்றுமே கிடையாது என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை.