கத்தியில் இல்லாத பெயர்கள்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் உற்பத்திப் பொறியியல் படிக்கும் எனக்குப் பழைய கைவினைக் கத்திகள் மீது ஆர்வம் உண்டு. அவற்றை அடையாளம் காண்பது நல்ல வரலாற்றுப் பாடம். ஆனால், அந்தப் பாடத்தில் பாதியைத்தான் நாம் படிக்கிறோம் என்பது என் கருத்து.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரை எடுத்துக்கொள்வோம். கத்தி செய்வோருக்கான சங்கம் அங்கு 1624ல் சட்டப்படி அமைந்தது. தொழில் முத்திரைகளை அது பதிவு செய்தது. கத்தியின் அலகில் உள்ள பொறிப்பே அதன் காலத்தை ஓரளவு காட்டிவிடும். கிரீடத்துடன் ‘வி.ஆர்.’ எழுத்துகள் இருந்தால் பெரும்பாலும் விக்டோரியா அரசியார் காலம் (1837-1901). இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று அமெரிக்கா 1890ல் சட்டமியற்றிய பிறகே ‘இங்கிலாந்து’ என்ற சொல் பரவலானது. ‘ஸ்டெயின்லெஸ்’ என்றிருந்தால், ஹேரி பிரியர்லி அந்நகரில் துருப்பிடிக்காத எஃகை உருவாக்கிய 1913க்குப் பிந்தியது.

இவையெல்லாம் நிறுவனத்தையும் காலத்தையும் சொல்கின்றன. செய்தவரைச் சொல்வதில்லை. ஒருவர் எஃகைக் காய்ச்சி அடித்தார். இன்னொருவர் சாணை பிடித்தார். மற்றொருவர் கைப்பிடி பொருத்தினார். சாணைத் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டு இளவயதில் மாண்டவர்கள் பலர். அவர்கள் பெயர் எந்த அலகிலும் இல்லை.

சிறு பட்டறைகளில் சொந்தமாகத் தொழில் செய்தவர்களை அங்கு ‘லிட்டில் மெஸ்டர்’ என்பார்கள். அவர்களில் ஒருவரான ஸ்டேன் ஷா, பதின்ம வயதில் தொழில் கற்று, பல பத்தாண்டுகள் மடக்குக் கத்திகளைக் கையாலேயே செய்தார். 2021ல் 94 வயதில் காலமானார். அவர் வாழும்போதே அருங்காட்சியகம் அவரைக் கொண்டாடியது. அவருக்குக் கிடைத்த அந்த மரியாதை எத்தனை பேருக்குக் கிடைத்தது?

“இயந்திரம் செய்யும் வேலைக்கு இந்தப் பழங்கதை எதற்கு?” என்று சக மாணவர்கள் கேட்கிறார்கள். இயந்திரத்திற்கு நாம் கொடுக்கும் கோணமும் வெப்ப அளவும் இத்தகைய கைகள் தலைமுறை தலைமுறையாகச் செய்து பார்த்துக் கண்ட அறிவின் தொடர்ச்சி. அதைச் சொல்லித்தர ஆளில்லாவிட்டால் எடுத்துப் படிக்கப் புத்தகமும் இருக்காது.

நம் வீடுகளிலும் முத்திரையே இல்லாத பாராங் கத்தியோ அரிவாள்மனையோ இருக்கலாம். அதை யார் செய்தார், யார் சாணை பிடித்தார் என்று தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். கிடைக்கும் பெயரைத் தேதியுடன் எழுதி வையுங்கள். விலை விசாரிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.