ஊசிக்கு முன் பதில்

தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில், 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் அறிவித்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் இந்தியாவில் தயாராகும் 'செர்வாவாக்' ஊசிக்கு 26 வயது வரை அனுமதி உண்டு. சிதம்பரம் அண்ணாமலை நகர் விடுதிகளிலும் கடலூர் பெரியார் கலைக் கல்லூரியிலும் இருக்கும் மாணவியரில் பெரும்பாலோர் அந்த வயதுக்குள்தான் வருகிறார்கள். காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள எல்லா வீட்டுக்கும் வசதியில்லை. அவர்களுக்கும் இலவசமாகக் கொடுங்கள் என்கிறோம். கொடுப்பதற்கு முன், அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள் என்றும் சேர்த்தே சொல்கிறோம்.

கேள்விகள் வரத்தான் செய்யும். "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இது எதுக்கு?" என்று போனில் அம்மா கேட்பார். "பின்னாடி குழந்தை பிறக்காதாமே?" என்பாள் பக்கத்துக் கட்டில் தோழி. போட்டுக்கொள்ள முன்வந்தாலே நடத்தையைச் சந்தேகிப்பார்களோ என்ற கூச்சத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பலரைத் தடுக்கப்போவது அதுதான்.

படித்த பிள்ளைகளே இப்படிப் பயந்தால் எப்படி என்று அங்கலாய்ப்பது நம் வழக்கம். படித்தால் சந்தேகம் போய்விடும் என்று யார் சொன்னது? காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து 1955-ல் தனிப் பிரசுரமே வெளியிட்டவர் ராஜாஜி. 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரிய ஆய்வும், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்றே கண்டது. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளிலிருந்து காப்பதால் இன்றும் போடுகிறோம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஜனங்கள் மிரண்டுவிடுவார்கள் என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். மறைத்தது தெரியவரும்போதுதான் ஜனங்கள் மிரள்கிறார்கள்.

இன்றைய கல்லூரி மாணவர்கள் 2017 பிப்ரவரியில் பள்ளிப் பிள்ளைகள். தட்டம்மை-ரூபெல்லா முகாமின்போது வாட்ஸ்அப் வதந்தியை நம்பி ஊசி வேண்டாம் என்று பெற்றோர் பலர் மறுத்தார்கள். முகாமின் காலக்கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டு கழித்து, 2021 ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17-ல் இறந்தார். 18 வயது நிரம்பியவர்களுக்கும் ஊசி போடலாம் என்று நாட்டில் திறந்துவிட்டது மே 1-ல். அவர் இறப்புக்கு ஊசி காரணமில்லை என்ற நிபுணர் குழுவின் முடிவு வெளியானது அக்டோபரில். ஆறு மாதம் கழித்து வந்த பதில் யார் காதில் விழும்? முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் முடிச்சுப் போட மனசுக்கு ஒரு நிமிஷம் போதும். தெரிந்த முகம் ஒன்று போய்விட்டால், கோடிப் பேர் நலமாக இருக்கிற கணக்கு எடுபடாது.

இன்னொன்றும் உண்டு. போட்டுக்கொண்டு ஏதாவது ஆனால் 'நானே தேடிக்கொண்டது'; போடாமல் நோய் வந்தால் 'தலையெழுத்து'. இருபது வயதில் நோய் எங்கோ தூரத்தில் இருக்கிறது, ஊசியோ கண்ணெதிரே. உடம்பும் அந்தப் பயத்துக்கு ஒத்து ஊதும். கொரோனா தடுப்பூசிச் சோதனைகளில் வெறும் மருந்தில்லா ஊசி போடப்பட்டவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு மேல், முதல் டோஸுக்குப் பின் தலைவலி, அசதி போன்ற ஏதாவதொரு தொந்தரவு வந்ததாகச் சொன்னார்கள். வரிசையில் நிற்கும் ஒரு பெண் மயங்கி விழுந்தால் பின்னால் நிற்பவர்களுக்கும் கண்ணைக் கட்டும். இது நடிப்பில்லை. ஒவ்வொருவராகத் தனி அறைக்கு அழைத்து, உட்காரவைத்துப் போட்டு, கால் மணி நேரம் கவனித்து அனுப்பினால் பெருமளவு குறையும். பந்திக்கு ஆள் திரட்டுவதுபோல் மைதானத்தில் வரிசை கட்டவைப்பதை முதலில் நிறுத்த வேண்டும்.

கட்டாயம் கூடாது. ஊசி போட்டால்தான் வகுப்பு என்று 2021-ல் மாணவர்களிடம் சொன்னபோது பலர் போட்டுக்கொண்டார்கள். மனசு மாறியதா என்று யாரும் கேட்கவில்லை. ஒருவரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று 2022 மே 2-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மேலிருந்து வரும் வார்த்தையை நம்பத் தயங்குவதற்கு அண்ணாமலை நகருக்குத் தனிக் கதையும் உண்டு. நாட்டில் கொரோனா தடுப்பூசி தொடங்கிய 2021 ஜனவரியில் அங்கே மருத்துவ மாணவர்களே அதிகக் கட்டணத்தை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தார்கள். கடலூர்க்காரருக்கோ சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டை இருக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கும் ஊரில், 'ஆபத்து ஏதுமில்லை' என்ற அரசு வாசகத்துக்கு என்ன மரியாதை மிஞ்சும்? 18 வயதினருக்கு ஊசி வந்த அதே மே மாதம் 13-ம் தேதி, அங்கே பூச்சிமருந்து ஆலை வெடித்து உயிர்கள் போயின.

எச்.பி.வி. ஊசிக்கே ஒரு பழைய காயம் இருக்கிறது. அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் நடந்த செயல்முறைத் திட்டம், ஏழு சிறுமிகள் இறந்ததால் 2010-ல் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆனால் பெற்றோர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் விடுதி வார்டன்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்திட்டிருந்ததை 2013-ல் நாடாளுமன்றக் குழு கண்டித்தது.

அண்ணாமலை நகரில் மருத்துவக் கல்லூரியும் உளவியல் துறையும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து விடுதி விடுதியாகப் போய் உட்காரட்டும். கேள்வியைப் பெயரில்லாமல் எழுதிப் போட ஒரு பெட்டி வையுங்கள். பக்கவிளைவுகளைத் தமிழில் அச்சிட்ட ஒப்புதல் படிவம் முதல் நாளே கைக்கு வரட்டும். அதை வீட்டில் காட்டிப் பேச அவகாசம் கொடுங்கள். யாருக்காவது ஏதாவது ஆனால் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு வாரமும் விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். யோசித்துவிட்டு வேண்டாம் என்கிற மாணவியை அடுத்த முகாமில் திரும்பக் கேளுங்கள். அதுவரை அவள் பெயரை எந்தப் பட்டியலிலும் ஒட்டாதீர்கள்.