நாட்டுக் கணக்கும் பெட்டிக் கணக்கும்

ஐரோப்பா போவதென்று முடிவான வீட்டில் அடுத்த சண்டை எதைப் பற்றி வரும் என்று சொல்ல ஜோசியம் தெரிய வேண்டாம். ஒரு நாடா, இரண்டு நாடா? கையில் இருப்பதோ பத்து நாள் விடுமுறை. இவ்வளவு செலவு செய்து போய் ஒரே ஒரு நாட்டைப் பார்த்துவிட்டு வருவதா என்பது ஆளும் கட்சியின் வாதம். ஓடி ஓடி எதையுமே பார்க்காமல் திரும்புவதா என்பது எதிர்க்கட்சியின் வாதம். ஆறு நாடு, எட்டு நாடு என்று விளம்பரம் செய்யும் பயண நிறுவனங்கள் ஆளும் கட்சிக்குக் கொள்கை பரப்புச் செயலாளராக உழைக்கின்றன.

இந்த ஆசைக்குத் தூபம் போடுவது விசா. லக்ஸம்பர்க்கில் உள்ள ஷெங்கன் என்ற சிற்றூரில் 1985இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1995இல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாகச் சேர்ந்த பிறகு, 29 நாடுகளுக்கு ஒரே விசா. 2024 ஜூனிலிருந்து அதற்கான கட்டணம் 90 யூரோ. ஒரு நாட்டுக்கும் அதே 90, ஒன்பது நாட்டுக்கும் அதே 90. அளவில்லாச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கியவர் இரண்டாவது முறை சோறு கேட்காமல் எழுந்திருப்பாரா?

ஆனால் அதே விசா ஒரு நிபந்தனையும் வைக்கிறது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் சம நாட்கள் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். ஆக, எங்கே எத்தனை இரவு என்பதை முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். பிரிட்டனும் அயர்லாந்தும் இந்த ஏற்பாட்டில் கிடையாது. 'போகிற போக்கில் லண்டனையும் எட்டிப் பார்த்துவிடலாம்' என்பவர்கள் இன்னொரு விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும்.

நாக்பூரில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இந்தச் சிக்கலோடு என்னிடம் வந்தார். ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கியிருந்தார். பத்து இரவுகள். அவருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து ரோமாபுரி மீதும், கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பே நகரின் மீதும் தீராத மோகம். அவர் மனைவிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பனி. பனி என்றால் ஸ்விட்சர்லாந்து என்று நமக்கு இந்தி சினிமா கற்றுக் கொடுத்திருக்கிறது. அதற்கான நன்றிக் கடனாக இன்டர்லாக்கன் ஊரில் 2016இல் யஷ் சோப்ராவுக்குச் சிலையே வைத்துவிட்டார்கள்.

நண்பர் ரயில்வேக்காரர் அல்லவா, கால அட்டவணையோடு வந்திருந்தார். ரோமிலிருந்து மிலானுக்குச் சுமார் 3 மணி நேரம். அங்கிருந்து லூசெர்னுக்கு இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல். இடையில் ரயில் மாற வேண்டும். "மொத்தம் ஏழு மணி நேரம் சார், பாதி நாள்தானே?" என்றார்.

பாதி நாள் இல்லை. காலையில் பெட்டி கட்டி, விடுதி அறையைக் காலி செய்து, ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்து, இறங்கிய ஊரில் விடுதியைத் தேடி, பெட்டியைத் தள்ளிக்கொண்டு அலைந்து, குளித்து முடித்தால் இருட்டிவிடும். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு பகல் போச்சு. ஸ்விட்சர்லாந்தில் யூரோவுக்குப் பதில் பிராங்க்; விலைவாசியும் இத்தாலியைவிட அதிகம். போதாக்குறைக்கு நண்பரின் மனைவிக்கு முழங்கால் வலி.

'சுற்றுலா' என்ற சொல்லில் 'உலா' இருக்கிறது. தமிழ்ச் சிற்றிலக்கியங்களில் உலா என்பது தலைவன் வீதியில் பவனி வருவதைப் பாடுவது. ஏழு பருவப் பெண்களும் அவனைப் பார்த்து உருகுவார்கள். அவன் எதைப் பார்த்தான் என்பதைப் பற்றிப் புலவருக்குக் கவலையே இல்லை. பேருந்தில் பத்து நாளில் ஐந்து நாடு போகிறவர்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான். வீதி வழியே பவனி போகிறார்கள். ஒரே வித்தியாசம், பார்த்து உருக அங்கே ஆளில்லை.

அப்படியானால் ஒரே நாடு என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? சொன்னால் வெட்டுப்படுவது யாருடைய ஆசை என்பதைக் கவனிக்க வேண்டும். நண்பரின் திட்டத்தில் நாள் போதாதபோதெல்லாம் கத்தரிக்கோல் பனியின் மீதுதான் விழுந்தது. ரோம் நான்கு இரவிலிருந்து குறையவே இல்லை. 'ஒரு நாட்டை ஆழமாகப் பார்ப்பது' என்ற உயர்ந்த கொள்கை, பல வீடுகளில் பெரியவர் விரும்பிய நாட்டை ஆழமாகப் பார்ப்பதாகவே முடிகிறது. முப்பத்தைந்து வருஷம் சமையலறையில் நின்ற பெண்மணி கேட்டது ஒரு நாள் பனி. அவர் நாடு எதையும் கேட்கவில்லை.

எனவே நாடுகளை எண்ணாதீர்கள், பெட்டி கட்டும் தடவைகளை எண்ணுங்கள் என்றேன். பத்து இரவுக்கு மூன்று ஊர், இரண்டு முறை இடமாற்றம், அதற்கு மேல் வேண்டாம். ரோமில் நான்கு இரவு. அங்கிருந்து வேக ரயிலில் நேப்பிள்ஸ் ஒரு மணி பத்து நிமிடம்தான். அங்கே உள்ளூர் ரயில் பிடித்தால் பாம்பே. பெட்டி ரோமிலேயே இருக்கும். அடுத்து ஃப்ளாரன்ஸில் மூன்று இரவு. கடைசி மூன்று மிலானில்.

மிலானில்தான் பனிக்கு வழி. அங்கிருந்து சுமார் இரண்டரை மணி நேரத்தில் எல்லையோர ஊரான திரானோ. அங்கே 1910இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பெர்னினா ரயில் பாதை தொடங்குகிறது. 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பாதை இது. 61 கிலோமீட்டர் தூரம். சிவப்பு ரயில் 2,253 மீட்டர் உயரத்துக்கு ஏறி ஸ்விட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் இறங்குகிறது. உச்சியில் இருக்கும் ஸ்டேஷனிலேயே இறங்கி, கை நிறையப் பனியை அள்ளிவிட்டு அடுத்த ரயிலில் திரும்பலாம். மே மாதத்திலும் அங்கே பனி கிடக்கும். நீண்ட நாள்தான், ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்தே போகும் நாள், முழங்கால் கோபித்துக்கொள்ளாது. பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும்.

இது இவர்களுக்கான கணக்கு. வியன்னாவில் தங்குகிறவர் ஒரு மணி நேர ரயிலில் ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவாவுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். பதினைந்து நாள் கையில் இருந்தால் தாராளமாக இரண்டு நாடு போகலாம். அப்போது ஒரு நாட்டில் இறங்கி மற்ற நாட்டிலிருந்து விமானம் ஏறும்படி டிக்கெட் எடுத்தால் வந்த வழியே திரும்பும் நாள் மிச்சம். எப்படியானாலும் விடுமுறைக் கிழமைகளைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஃப்ளாரன்ஸின் உஃபிசி அருங்காட்சியகம் திங்களன்று திறக்காது, பாரிஸின் லூவர் செவ்வாயன்று திறக்காது. வாட்டிகன் அருங்காட்சியகம் மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும்.

'மறுபடியும் எங்கே போகப் போகிறோம்' என்பதுதான் இரண்டு நாடு கேட்பவர்களின் கடைசி அஸ்திரம். மூன்றாண்டுக்குள் இரண்டு முறை விசா வாங்கி முறையாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு, பலமுறை போய்வரும் ஈராண்டு விசா தரலாம் என்று 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் விதியைத் தளர்த்தியது. ஓய்வூதியத்தில் போகிறவர்களுக்கு இதனால் பெரிய லாபம் இல்லை. அவர்களுக்கு இது ஒரே பயணம்தான். அதனால்தான் அதில் எத்தனை நாடு இருக்கிறது என்பதற்கு முன், இரண்டு பேருடைய ஆசையும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன்.

நண்பர் திட்டத்தை மாற்றிக்கொண்டார், அரை மனதோடு. திரும்பி வந்தால் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி அவருக்குத் தெரியும். 'ஒன்றே கால்' என்று பதில் சொல்லலாம் என்றேன். சிரித்தது அவர் மனைவி மட்டும்தான்.