யாருக்கு எதிரே யார்?

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ பள்ளிகளுக்கிடையிலான கால்பந்து இறுதி ஆட்டம் நாளை என்றால், இன்று மாலையே விவாதம் சூடுபிடித்துவிடும். "அவங்க இந்த வருஷம் இருபது கோல் போட்டிருக்காங்க, நம்ம கதி அவ்வளவுதான்" என்பான் ஒருவன். "நம்ம கோல்கீப்பர் இருக்கான், பார்த்துக்கலாம்" என்பான் மற்றவன். எதிரணியின் நட்சத்திர ஆட்டக்காரனுடைய பெயரைச் சொல்லியே எல்லாரையும் வாயடைக்கச் செய்வான் மூன்றாமவன்.

மூவரும் செய்யும் தவறு ஒன்றே. மொத்தக் கணக்கையும் பெரிய பெயரையும் பார்க்கிறார்கள். ஆனால் ஆட்டம் இரண்டு மொத்தங்களுக்கு இடையே நடப்பதில்லை. அவர்களுடைய வலப்பக்க ஆட்டக்காரன் நம்முடைய இடப்பக்கத் தற்காப்பாளனைச் சந்திக்கிறான். நம்முடைய உயரமான பையன் அவர்களுடைய உயரமான பையனோடு சேர்ந்து துள்ளுகிறான். இறுதி ஆட்டத்திற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி "எந்த அணி பெரியது?" என்பதன்று. "யாருக்கு எதிரே யார் நிற்கப் போகிறார்கள்?" என்பதே.

பட்டியல் சொன்னதும் சொல்லாததும்

நாம் நன்கறிந்த ஓர் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2017–18 இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் ஒவ்வோர் அணியும் 18 லீக் ஆட்டங்கள் ஆடியது. பெங்களூரு அணி 40 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. சென்னையின் எஃப்.சி. 32 புள்ளிகளுடன் இரண்டாமிடம். பெங்களூரு அடித்த கோல்கள் 35. சென்னை அடித்தவை 24. இறுதி ஆட்டமோ பெங்களூருவின் சொந்த மைதானமான கண்டீரவாவில். பட்டியலை மட்டும் பார்த்தவர்கள் முடிவைக் கட்டிவிட்டார்கள்.

ஆனால் அதே பட்டியலை இன்னும் சற்று உற்றுப் பாருங்கள். பெங்களூரு வாங்கிய கோல்கள் 16. சென்னை வாங்கியவை 19. வித்தியாசம் மூன்றுதான்! ஆக, பெங்களூருவின் உயர்வு பெரும்பாலும் தாக்குதலில் இருந்ததே தவிரத் தற்காப்பில் இல்லை. மேலும், 2017 டிசம்பரில் இதே மைதானத்தில் சென்னை 2–1 என வென்றிருந்தது. வெற்றிக் கோலை அடித்தவர் நமது வியாசர்பாடியைச் சேர்ந்த தனபால் கணேஷ். பிறகு 2018 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ஆட்டத்தில் பெங்களூரு 3–1 என வென்றது. இதை வைத்துப் பார்த்தால் போட்டி அப்படியொன்றும் ஒருதலையானதாகத் தோன்றவில்லை அல்லவா?

2018 மார்ச் 17 அன்று என்ன நடந்தது? 9ஆம் நிமிடத்தில் உதாந்தா சிங் வலப்பக்கமாக விரைந்து பந்தைக் கோல் முன்னே அனுப்ப, சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டிக் கோலாக்கினார். பெங்களூருவின் வலுவான இடம் எதுவோ, அங்கிருந்தே முதல் கோல் வந்தது. ஆனால் 17ஆம் நிமிடத்தில் கிரெகரி நெல்சன் அடித்த கார்னர் கிக்கைச் சென்னையின் பின்கள வீரரான பிரேசில் நாட்டு மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி வலைக்குள் சேர்த்தார். 45ஆம் நிமிடத்தில் மீண்டும் நெல்சனின் கார்னர். மீண்டும் மெயில்சனின் தலை! 67ஆம் நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது கோலைப் போட்டார். கடைசி நேரத்தில் மிக்கூ ஒரு கோல் அடித்தும் பெங்களூருவால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. சென்னை 3–2 என வென்று கோப்பையைப் பெற்றது.

கவனியுங்கள். இரண்டு கோல் அடித்தவர் தாக்குதல் வீரர் அல்லர், தற்காப்பு வீரர். கார்னர் கிக் அடிக்கப்படும்போது எதிரணி அந்த ஆண்டு அடித்த 35 கோல்களும் அதற்குத் துணைக்கு வருவதில்லை. அங்கே வேறொரு தராசு வேலை செய்கிறது. அந்தத் தராசின் பெயர் இயற்பியல்.

கால் வினாடியின் விலை

பெரிய மைதானத்தின் அகலம் 68 மீட்டர் என்று கொள்வோம். கார்னரிலிருந்து கோலின் நடுப்பகுதி 34 மீட்டர். பந்து சராசரியாக வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்தால், 30 மீட்டரைக் கடக்க ஒன்றரை வினாடி ஆகும். பந்து எங்கே வந்து சேரும் என்பது தாக்குபவனுக்கு முன்பே தெரியும், பயிற்சியில் பேசிவைத்தது. தடுப்பவனோ பார்த்த பிறகுதான் புறப்பட வேண்டும். கண் பார்த்துக் கால் அசைய ஏறத்தாழ கால் வினாடி ஆகிறது. வினாடிக்கு 6 மீட்டர் ஓடுபவன் அதற்குள் ஒன்றரை மீட்டர் முந்திவிடுவான்.

இனித் துள்ளலைப் பார்ப்போம். இருவருமே 50 செ.மீ. துள்ளக் கூடியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 எனக் கொண்டால், தரையை விட்டுக் கிளம்பும் வேகம் வினாடிக்கு 3.13 மீட்டர், உச்சியை அடைய ஆகும் நேரம் 0.32 வினாடி. தடுப்பவன் 0.25 வினாடி பிந்தித் துள்ளினால், தாக்குபவன் உச்சியில் இருக்கும்போது இவன் கிளம்பி 0.07 வினாடிதான் ஆகியிருக்கும். அப்போது இவன் எழும்பியிருக்கும் உயரம் சுமார் 20 செ.மீ. ஒரே அளவு துள்ளும் திறமை இருந்தும் 30 செ.மீ. தாழ்ந்து போகிறான்! உங்கள் பாடநூலில் உள்ள இயக்கச் சமன்பாடுகளைக் கொண்டு நீங்களே சரிபார்க்கலாம்.

இதிலிருந்து குள்ளமான பையன்களுக்கும் ஒரு நற்செய்தி உண்டு. உடல் உயரத்தில் 10 செ.மீ. குறைந்தவன், சரியான நொடியில் துள்ளினால் பிந்தித் துள்ளும் நெடியவனை வெல்லலாம்.

இது சோதிடம் அன்று

"அப்படியானால் கணக்குப் போட்டே ஜெயித்துவிடலாமா?" என்று கேட்பீர்கள். முடியாது. கார்னர் கிக்குகளில் மிகச் சிலவே கோலாகின்றன; ஒரே ஆட்டத்தில் இரண்டு விழுந்ததில் அதிர்ஷ்டத்திற்கும் பங்கு உண்டு. அதே இரு அணிகளும் பத்து முறை மோதியிருந்தால் பெங்களூரு கூடுதலாக வென்றிருக்கவும் கூடும். எதிரணியின் சுவரில் கதவு எங்கே இருக்கிறது என்பதை ஆராய்ச்சி காட்டும். அது அன்றைக்குத் திறக்குமா என்று சொல்லாது.

ஆனால் கதவு இருக்கிறது என்று தெரிவதே பெரிய விஷயம். புல்தரையும் நல்ல பூட்சும் தனிப் பயிற்சியாளரும் உள்ள பள்ளியை, மண் தரையில் பழகிய நம் வட்டாரப் பள்ளி சந்திக்கும்போது, பல பிள்ளைகள் விசில் ஊதுமுன்பே மனத்தளவில் தோற்றுவிடுகிறார்கள். "தைரியமாய் ஆடு" என்ற வெறும் வார்த்தை அவர்களுக்குப் போதாது. "அவர்களுடைய இடப்பக்கத் தற்காப்பாளன் திரும்ப நேரம் எடுத்துக்கொள்கிறான், அந்தப் பக்கம் போ" என்று சொல்லிப் பாருங்கள். அது காரணத்தோடு கூடிய நம்பிக்கை.

இதற்குக் கணினி வேண்டாம். ஒரு கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். எதிரணியின் இரண்டு ஆட்டங்களைப் போய்ப் பாருங்கள். மைதானத்தை ஆறு கட்டங்களாக வரைந்து, தாக்குதல் எந்தக் கட்டத்திலிருந்து கிளம்புகிறது, கோல் எந்தக் கட்டம் வழியாக விழுகிறது என்று புள்ளி வையுங்கள். பிறகு உங்கள் முடிவை ஆட்டத்திற்கு முன்பே மை கொண்டு எழுதிவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் "நான் அப்பவே சொன்னேன்" என்று எவரும் சொல்லலாம். அது அறிவியல் ஆகாது. முன்பே எழுதி, பின்பு ஒப்பிட்டு, பொய்த்த இடத்தில் ஏன் பொய்த்தது என்று தேடுவதே அறிவியல்.

உடற்பயிற்சி ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் ஒரு மாலை சேர்ந்து உட்கார்ந்தால், எந்தப் பள்ளியிலும் இதைத் தொடங்கலாம். ஆய்வுக்கூடத்தில் கருவி குறைவாக இருக்கலாம். மைதானத்தில் விசையும் முடுக்கமும் குறைவதில்லை.