காய்ச்ச வேண்டாம்... ருசி பாருங்கள்!

கேள்வி: ‘‘பண்ணைக்காடு பக்கம் இரண்டு ஏக்கரில் அராபிகா காபி இருக்கிறது. போன மாதம் பெங்களூருவில் என் மகன் ஒரு பீர் கடைக்கு அழைத்துப் போனான். அங்கேயே காய்ச்சிய ஆறு வகை பீரை, சின்னச் சின்ன டம்ளர்களில் வரிசையாக வைத்து ருசி பார்க்கக் கொடுத்தார்கள். மலைவாழைப் பழத்தில் நாமும் இப்படிக் காய்ச்சி விற்கலாமா? காபியில் எதுவும் மிஞ்சவில்லை. ‘புளிப்பு அடிக்கிறது’ என்று வியாபாரி இந்த முறையும் விலையைக் குறைத்துவிட்டார்.’’

- ஒரு வாசகர், வத்தலக்குண்டு.

பதில்: முதல் கேள்விக்கு ஒரே வரிதான். கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன்படி உரிமம் இல்லாமல் மது காய்ச்சுவது குற்றம். நம் ஊர் கள்ளுக்கே 1987-ல் இருந்து தடை. ஆசைப்பட்டு வழக்கில் சிக்கிக்கொள்ளாதீர்கள்.

ஆனால், அந்தக் கடையில் பார்த்த ஒன்றை வீட்டுக்கு எடுத்து வரலாம். வரிசையாக வைத்து, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு ருசி பார்க்கும் பழக்கம்தான் அது. உங்கள் காபியை நீங்கள் தனியாகக் காய்ச்சிக் குடித்ததுண்டா? பெரும்பாலான சிறு விவசாயிகள் குடித்ததில்லை. 1990-கள் வரை காபி வாரியமே எல்லோருடைய காபியையும் வாங்கி, ஒன்றாகச் சேர்த்து விற்றது. யார் தோட்டத்து ருசி என்ற கேள்விக்கே அப்போது இடமில்லை. இப்போது நாமே விற்கிறோம். ஆனாலும் ருசி பார்ப்பவர் வியாபாரி மட்டும்தான். அதனால்தான் அவர் சொன்னதற்கு உங்களிடம் பதில் இல்லை.

செய்முறை எளிது. மேல் காடு, கீழ் காடு, பல்ப்பரில் அரைத்துக் கழுவியது, பழமாகவே காயவைத்தது என்று தனித்தனியாக 100 கிராம் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பதத்தில், கருக விடாமல் வறுத்து, ஒரு நாள் வைத்திருந்து, ரவை பதத்துக்கு அரையுங்கள். சிக்கரி, பால், சர்க்கரை எதுவும் வேண்டாம். ஒரு டம்ளருக்கு 8 கிராம் தூள். கொதித்து இறக்கி அரை நிமிடம் ஆன தண்ணீரை 150 மி.லி ஊற்றி, நான்கு நிமிடம் விடுங்கள். மேலே கட்டி நிற்கும் தூளைக் கரண்டியால் விலக்கி, முகர்ந்து பாருங்கள். நுரையை எடுத்துவிட்டு, ஸ்பூனில் ‘சர்’ரென்று உறிஞ்சுங்கள். சூடாக ஒரு முறை, ஆறிய பிறகு ஒரு முறை. ஆறினால்தான் குறை வெளியே வரும்.

ஒவ்வொரு வகைக்கும் மூன்று டம்ளர் வையுங்கள். ஒன்றில் மட்டும் கெட்ட வாடை வந்தால், நல்ல கொட்டையில் சில கெட்ட கொட்டைகள் கலந்திருக்கின்றன என்று அர்த்தம். எது எந்தக் காபி என்பதை டம்ளரின் அடியில் வீட்டில் வேறு யாராவது எழுதட்டும். நம் காட்டின் மேல் நமக்கு இருக்கும் பாசம் நாக்கை ஏமாற்றிவிடும்.

இனி, வியாபாரி சொன்ன புளிப்புக்கு வருவோம். புளிப்பு இரண்டு வகை. ஆரஞ்சுப் பழம் போன்ற தெளிந்த புளிப்பு, அராபிகாவின் குணம். அதற்கு விலை குறைக்கக் கூடாது. அழுகிய பழம், காடி போன்ற வாடை என்றால், குறை நம்முடையது. பறித்த பழத்தை இரவு முழுக்க மூட்டையில் கட்டி வைத்திருப்போம், அல்லது கொழகொழப்பு போக ஊறவைத்த நேரம் மிஞ்சியிருக்கும். நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு என்றால் பச்சைக் காய் கலந்திருக்கலாம். பூசண வாடை என்றால் ஈரம் சரியாகக் காயவில்லை. மண் தரையில் காயப்போடாதீர்கள். கழுவிய காபியில் ஈரப்பதம் 10 சதவிகிதத்துக்கு இறங்கிய பிறகு மூட்டை பிடியுங்கள்.

ஒவ்வொரு பறிப்பிலும் கால் கிலோ மாதிரியைத் தேதி எழுதி எடுத்து வையுங்கள். சந்தேகம் இருந்தால், தாண்டிக்குடியில் இருக்கும் காபி வாரிய ஆராய்ச்சி நிலையத்தில் காட்டிக் கேளுங்கள். அடுத்த முறை வியாபாரி ‘புளிப்பு’ என்றால், ‘எந்தப் புளிப்பு?’ என்று கேட்டுவிட்டு, அவர் முன்னாலேயே இரண்டு டம்ளர் போட்டு வையுங்கள். விலை உடனே ஏறாமல் போகலாம். ஆனால், குறை எந்த மூட்டையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஒரு மூட்டைக்காக மொத்தச் சரக்குக்கும் விலையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.