கணக்குக் கேட்கப் போக வேண்டும்
பாலராமபுரம் சாலியர் தெருக்களில் தறி போட்டவர்கள், மன்னர் பாலராம வர்மா (1798–1810) காலத்தில் தமிழகத்திலிருந்து குடியேறிய நெசவாளர்கள். அவர்கள் வழிவந்தோருக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் அருமை தெரியும்: அங்கே ஆளுக்கு ஒரு வாக்கு, ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு எல்லோர் முன்னும் வைக்கப்படும். கணக்கு வெளிச்சத்துக்கு வந்தால் சந்தேகம் தானே விலகும்.

கிராம சபையும் அப்படித்தான். 1994-ஆம் ஆண்டுக் கேரளப் பஞ்சாயத்துராஜ் சட்டப்படி வார்டுதோறும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது அது கூட வேண்டும். பத்தில் ஒரு பங்கு வாக்காளர் வந்தால்தான் கோரம். அரசு உதவிக்குரிய பயனாளிகள் யார் என்ற பேச்சும் அங்கேதான் நடக்கிறது.

கோயில் கொடைக்கு வரி கொடுக்கத் தவறாத நம்மவர், வாக்கு இருந்தும், "மலையாளத்தில்தானே பேசுவார்கள்" என்று ஒதுங்குவது சரியா? பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் தமிழ் புரியாதவர் எத்தனை பேர்? கூட்டத்துக்குப் போகாமல் திண்ணையில் முணுமுணுத்தால் பகைதான் வளரும். பக்கத்து வீட்டு மலையாளியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கணக்குக் கேட்டால் நம்பிக்கை வளரும்.