முதலில் உரிமை இழப்பவர் யார்?

கொடிய சட்டம் பாராளுமன்றத்திலே பிறப்பதில்லை. அதன் வித்து, நெடுநாள் முன்னரே மக்கள் மனத்தில் ஊன்றப்பட்டு விடுகிறது. இதனை உணர விரும்புவோர் வரலாற்றாசிரியர் குமாரி ஜயவர்த்தன அவர்களின் நூல்களைக் கற்றல் வேண்டும். இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சியை ஆராய்ந்து அவர் 1972 இல் வெளியிட்ட நூல் அவற்றுள் தலையாயது.

கொழும்பில் 1923 ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தையும் 1929 ஆம் ஆண்டு டிராம் வேலைநிறுத்தத்தையும் நடத்தியவர் ஏ. ஈ. குணசிங்கா. பாமரனுக்கும் வாக்குரிமை வேண்டுமென வாதாடியவரும் அவரே. சிங்களவரும் தமிழரும் மலையாளிகளும் அவர் பின்னே ஓரணியில் நின்றனர். உலகப் பொருளாதார மந்தம் வந்தது, வேலை அருகியது. 1930களிலே அதே தலைவர், மலையாளத் தொழிலாளரே வேலையைப் பறித்தவர் எனப் பிரசாரம் செய்யலானார். முதலாளியை நோக்கி நீண்டிருந்த விரல், பக்கத்தில் நின்ற தோழனை நோக்கித் திரும்பிற்று!

அவ்வித்து விளைந்த காலம் 1948. அவ்வாண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழர் பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். மறு ஆண்டிலே வாக்குரிமையும் பறிபோயிற்று. அன்று அச்சட்டத்தை எதிர்த்த சமசமாஜக் கட்சியினர், 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது ஆட்சியிலே பங்காளிகளாய் இருந்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மனிதரைப் பங்கிட்டது அவ்வொப்பந்தம். பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. நாடற்ற நிலையில் எஞ்சியோருக்குச் சட்டம் வழி திறந்தது 2003 இல்.

பிறரைச் சாடுவதோடு நம் கடமை தீர்ந்துவிடுமா? 1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் பல, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறின. காடு வெட்டின, நம் வயல்களிலே கூலிக்கு நாற்று நட்டன. அவர்கள் குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி உண்டா? நம் சங்கங்களில் அவர்களுக்கு ஆசனம் உண்டா? "தோட்டக்காட்டான்" என்ற சொல் நம் நாவை விட்டு அகன்றதா?

கமக்காரரே, சட்டத்தரணிகளே! அவர்களுடைய காணிப் பத்திரங்களைத் தேடி எடுத்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தல் நமக்கு அரிய செயலன்று. பிந்தி வந்தவனின் உரிமை பறிபோகையில் வாளாவிருந்தோர்க்கு, 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வாயில் வந்து நின்றது. அடுத்த முறை யாருடையது என்பதைப் பறிப்பவன் அறிவித்து வருவதில்லை.